சுவரைச் சுமக்கும் இரும்பு பீம்: எத்தனை நூல் தொய்யலாம்?

வாசகர் கேள்வி – பதில்

பழைய வீட்டை விடுதியாக மாற்றுபவர்கள், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டுபவர்கள் என்று செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இம்முறை ஒரே விஷயத்தைச் சுற்றி இருக்கின்றன: இரும்பு பீமின் மேல் செங்கல் சுவர். கணக்குகளில் எடையை மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று சொல்லியிருக்கிறோம். 100 கிலோவை ஒரு கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொண்டால் போதும். ஒரு நூல் என்பது கொத்தனார் கணக்கில் அரைக்கால் அங்குலம், அதாவது 3 மி.மீ. சொச்சம்.

கேள்வி: புது வீட்டில் கீழே ஹால் 5 மீட்டர் அகலம். குறுக்கே 250 மி.மீ. உயர ஐ பீம் போட்டு, அதன் மேல் மாடியில் 9 அங்குலச் சுவரை 10 அடி உயரத்துக்குக் கட்டப்போகிறோம். ஃபேப்ரிகேஷன்காரர், "இதுல லாரியே ஏத்தலாம்" என்கிறார். இன்ஜினீயரோ 300 பீம்தான் வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: இன்ஜினீயர் சொல்வதை. ஆனால் மற்றவர் சொன்னதும் பொய் இல்லை. பீம் ஒடியுமா என்று அவர் பார்க்கிறார். சுவர் விரிசல் விடுமா என்று இன்ஜினீயர் பார்க்கிறார்.

9 அங்குலச் சுவர் இரண்டு பக்கப் பூச்சோடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ வரும். 3 மீட்டர் உயரத்துக்கு மீட்டருக்கு 1,500 கிலோ, அதாவது 15 கிலோநியூட்டன். பீமின் சொந்த எடையையும் சேர்த்து 15.4 என்று வையுங்கள். ஐஎஸ்எம்பி (கடையில் கிடைக்கும் இந்தியத் தர ஐ பீம்) 250-இல் இந்த எடை உண்டாக்கும் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது இரும்புக்குள் வரும் அழுத்தம், 117 நியூட்டன்/சதுர மி.மீ. பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கப்பட்ட சாதாரண 250 கிரேடு இரும்பை 165 வரை நம்பலாம். ஆகவே பலத்தில் குறை இல்லை.

தொய்வுக்கு வருவோம். இரு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பீமில், முழு நீளத்துக்கும் சமமாகப் பரவிய எடைக்கு நடுவில் எத்தனை மி.மீ. தொய்யும் என்பதற்கு ஒரு சுருக்க வழி: 6.51 × எடை × நீளத்தின் நான்காம் அடுக்கு ÷ பீமின் ஐ (குறுக்குவெட்டு வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் எண்). எடை மீட்டருக்குக் கிலோநியூட்டனிலும், நீளம் மீட்டரிலும், ஐ செ.மீ.⁴ அலகிலும் இருக்கவேண்டும். ஐ மதிப்பு இரும்புக் கடையிலேயே கிடைக்கும் அட்டவணையில் இருக்கிறது: ஐஎஸ்எம்பி 200-க்கு 2,235, 250-க்கு 5,132, 300-க்கு 8,604, 350-க்கு 13,630, 400-க்கு 20,458.

உங்கள் 250-க்கு இது 12.2 மி.மீ., கிட்டத்தட்ட நான்கு நூல். செங்கல் சுவரைத் தாங்கும் பீமுக்கு நீளத்தில் 600-இல் ஒரு பங்குதான் அளவு. 5 மீட்டருக்கு 8.3 மி.மீ. 300 போட்டால் தொய்வு 7.3 மி.மீ. ஆகிவிடும். தாங்கும் இடத்தையும் சேர்த்து 5.4 மீட்டருக்குக் கூடுதல் இரும்பு ஏறக்குறைய நாற்பது கிலோதான். அதை மிச்சம் பிடித்து, பிறகு வருஷா வருஷம் பட்டி பார்த்துக்கொண்டிருப்பது நல்ல வியாபாரம் இல்லை.

பீம் வாங்கும் முன்பே திருப்பிப் போட்டுப் பார்க்க: தேவையான ஐ = 3.9 × எடை × நீளம் × நீளம் × நீளம். இங்கே 3.9 × 15.4 × 125, அதாவது 7,500 சொச்சம். அட்டவணையில் அதற்கு மேலே இருக்கும் முதல் பீம் 300.

ஒன்றை மட்டும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரின் மேல் மொட்டைமாடி கான்கிரீட் தளம் உட்காருகிறதா? உட்கார்ந்தால், பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் தளம் சுவரில் இறங்கினாலே மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் கூடும். மொத்தம் 33 தாண்டி, தேவையான ஐ 16,400 ஆகிவிடும். 350-கூடப் போதாது, 400 போடவேண்டும்.

கேள்வி: இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதி ஐஎஸ் 800-இல் 300, 360 என்றுதான் பார்த்திருக்கிறேன். 600 எங்கிருந்து வந்தது?
– டிப்ளமோ மாணவர், அமராவதிபுதூர்

பதில்: நீங்கள் சொல்வது 2007 பதிப்பின் அட்டவணை 6. தளம், கூரை தாங்கும் உறுப்புகளுக்கு, மேலே இருப்பது விரிசல் விடாத பொருளானால் 300-இல் ஒரு பங்கு, விடக்கூடியதானால் 360-இல் ஒரு பங்கு. அந்த வரிசைக்கு எதிரே எந்த எடை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: லைவ் லோடு. ஆட்கள், சாமான்கள் ஏறி இறங்கும்போது வரும் தொய்வுக்கான எல்லை அது. சுவரோ முழுக்க டெட் லோடு, எப்போதும் அங்கேயே நிற்கும் எடை. அட்டவணையை எழுத்துக்கு எழுத்து எடுத்தால், சுவர் மட்டும் சுமக்கும் எந்தப் பீமும் தொய்வுத் தேர்வில் தேறிவிடும்!

600 என்பது அமெரிக்கச் செங்கற்கட்டு விதியான டிஎம்எஸ் 402-இல் உள்ளது. கம்பி போடாத கட்டுச் சுவரைத் தாங்கும் பீமுக்கு, டெட் லோடும் லைவ் லோடும் சேர்ந்து வரும் தொய்வுக்கான எல்லை. அதன் பழைய பதிப்புகளில் 0.3 அங்குலம், அதாவது 7.6 மி.மீ. தாண்டக்கூடாது என்ற வாசகமும் இருந்தது. அது பின்னால் எடுக்கப்பட்டாலும் நீளமான பீமுக்கு அதைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. 8 மீட்டர் பீமில் 600-இல் ஒரு பங்கு 13 மி.மீ. ஆகிறது, 9 அங்குலச் சுவர் அதைச் சத்தமில்லாமல் பொறுத்துக்கொள்ளாது. நம் கான்கிரீட் விதி ஐஎஸ் 456-ம், தடுப்புச் சுவர் எழுப்பிய பிறகு வரும் தொய்வு 350-இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., எது குறைவோ அதற்குள் என்று தனியாகவே சொல்கிறது. சுவர் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தனியே பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அதிலும் இருக்கிறது.

600 என்பது விரிசலே வராது என்ற உத்தரவாதம் இல்லை. மயிரிழை வரலாம். ஜிப்சம் பலகைத் தடுப்பானால் 360 தாராளம்.

கேள்வி: சுவர் கட்டும்போது பீமுக்கு நடுவில் சவுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்கிறார் மேஸ்திரி. சுவர் இறுகிய பிறகு எடுத்துவிட்டால் பீம் தொய்யாது என்கிறார். சரிதானே?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: இல்லை அம்மா. இந்த விஷயத்தில் நல்ல கொத்தனார்களும் தவறிவிடுகிறார்கள். கான்கிரீட் பீமுக்கு முட்டுக் கொடுத்துப் பழகிய கை அது.

முட்டு இருக்கும்வரை பீம் அசையாது. சுவர் நேராக எழும்பும், கலவை கெட்டியாகும், பூச்சும் முடியும். அப்புறம் முட்டைத் தட்டி எடுத்ததும், மொத்தத் தொய்வும் இறுகிப்போன சுவரின் தலையில் ஒரே நாளில் இறங்கும். நடுவே கீழ்வரிசையில் நெட்டாக விரியும்; அல்லது சுவர் வளைவு போல நின்றுகொண்டு, பீம் மட்டும் கீழே இறங்கி, முதல் வரிசைக்குக் கீழே படுக்கை விரிசல் விழும்.

முட்டே இல்லாமல் கட்டினால், வரிசை ஏற ஏறப் பீம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். கலவை ஈரமாக இருப்பதால் சுவரும் கூடவே இறங்கும். கொத்தனார் ஒவ்வொரு நாளும் நரம்பு கட்டி மட்டம் பார்த்து வைப்பதால் மேல்வரிசைகள் நேராகவே வரும். இரும்பு எடை ஏறியவுடன் தொய்ந்துவிடும். கான்கிரீட் போல வருஷக்கணக்கில் ஊர்ந்து இறங்காது. இந்த நல்ல குணத்தை முட்டுக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் வேலையை இப்படி வரிசைப்படுத்துங்கள். பீமின் இரு முனைக்கும் கீழே பெட் பிளாக் (முனை உட்காரும் கான்கிரீட் கட்டை) போட்டு, நீர் ஊற்றி ஆறவிட்ட பிறகே பீமை ஏற்றவேண்டும். மாடித் தளம் அதே பீமில் உட்காருவதாக இருந்தால், தளம் ஊற்றி செண்ட்ரிங் பிரித்து, பீமுக்குக் கீழே ஒரு முட்டும் மிச்சம் இல்லாத நிலையில்தான் முதல் செங்கல். ஒரு நாளைக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றவேண்டாம். கலவை ஒன்றுக்கு ஆறு போதும். ஒன்றுக்கு நான்கு போட்டால் சுவர் கெட்டிப்பட்டு, விரிசல் ஒரே இடத்தில் அகலமாக விழும். மேல்தளமும் ஊற்றி செண்ட்ரிங் பிரித்த பிறகே பூச்சு. பூசும்போது பீமும் சுவரும் சேரும் கோட்டில் ஒரு காடி இழுத்துவிடுங்கள். பின்னால் எது அசைந்தாலும் அந்தக் காடிக்குள் மறைந்துவிடும்.

சுவர் மேல்தளத்தைத் தாங்கவேண்டியதில்லை, வெறும் தடுப்புதான் என்றால், உச்சி வரிசைக்கும் தளத்துக்கும் நடுவே 15 மி.மீ. விட்டு, அழுங்கக்கூடிய பொருளால் அடைக்கவேண்டும். கலவை வைத்து இறுக்கினால் மேல்தளத்தின் எடை வேண்டாத வழியில் உங்கள் பீமுக்கு வந்துசேரும்.

கேள்வி: சுவரின் முழு எடையும் பீமில் வராது, முக்கோண அளவுதான் வரும் என்று படித்தேன். அப்படியானால் சின்ன பீம் போதாதா?
– வாசகர், புதுவயல்

பதில்: வாசல், ஜன்னல் மேலே என்றால் போதலாம். ஹாலுக்குக் குறுக்கே என்றால் போதாது.

செங்கல் கட்டு இறுகியதும் தனக்குள்ளேயே ஒரு வளைவை உண்டாக்கிக்கொள்கிறது. திறப்பின் மேல் 60 பாகைச் சமபக்க முக்கோணத்துக்குள் இருக்கும் எடை மட்டும் பீமில் உட்காரும். மற்றது பக்கங்களுக்குப் போய்விடும். 3 மீட்டர் திறப்புக்கு முக்கோணம் 2.6 மீட்டர் உயரம், எடை 19.5 கிலோநியூட்டன். 3 மீட்டர் உயரச் சுவரை முழுதாக எடுத்தால் 45. எடை நடுவில் குவிவதால் தொய்வு அதே விகிதத்தில் குறையாது. ஏறக்குறைய 55 சதவீதத்துக்கு வரும்.

வளைவு நிற்கவேண்டுமானால் இரண்டு பக்கமும் அதன் உதைப்பை வாங்கச் சுவர் வேண்டும். முக்கோணத்தின் உச்சிக்கு மேலும் ஓரிரு அடி கட்டு இருக்கவேண்டும். அதற்குள் ஜன்னலோ, உத்தரம் உட்காரும் இடமோ வரக்கூடாது. மேலே சொன்ன காரைக்குடி ஹாலில் பீம் முடியும் இடத்திலேயே சுவரும் முடிகிறது. உதைப்பை வாங்க யாரும் இல்லை. முழு எடையைத்தான் எடுக்கவேண்டும். கட்டடத்தின் மூலையை ஒட்டிய கடைவாசலுக்கும் இதே கதி. இன்னொன்று, கலவை ஈரமாக இருக்கும்போது வளைவே கிடையாது. ஆகவே 2 மீட்டர் வரையிலான லிண்டலுக்கு முக்கோணம், அதற்கு மேல் முழுச் சுவர் என்று வைத்துக்கொண்டால் மோசம் போகமாட்டீர்கள்.

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீடு. பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து தங்கும் விடுதியாக்கப் போகிறோம். இரண்டாம் கட்டில் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை 12 அடிக்குத் திறந்து சாப்பாட்டுக் கூடம் ஆக்கவேண்டும். சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் கட்டு. திறப்புக்கு மேலே 8 அடி சுவரும், அதன் மேல் இரு பக்கமும் மெட்ராஸ் டெரஸும் (உத்தரங்களின் மேல் செங்கல், சுண்ணாம்பு போட்ட பழைய கூரை) இருக்கின்றன. முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு விரியாமல் செய்ய முடியுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முடியும். ஆனால் இது மேலே உள்ள புதுச் சுவருக்கு நேர் எதிரான வேலை. அங்கே பீம் முதலில், சுவர் பிறகு. இங்கே சுவர் ஏற்கெனவே இறுகி நிற்கிறது. பீம் தொய்வது முழுவதும் அதற்குச் சேதம். வழுவழுப்பாக இழைத்த பழைய பூச்சில் அரை மி.மீ. விரிசலும் கண்ணில் படும், ஒட்டுப்போட்டால் அதுவும் தெரியும். ஆகவே 600-ஐ நம்பி உட்காராமல், சுவரின் எடை பீமுக்கு மாறும் முன்பே பீமைத் தொய்ய வைத்துவிடவேண்டும்.

முதலில் எடை. சுவர் 0.45 × 2.4 × 20 (கட்டின் எடை, கன மீட்டருக்குக் கிலோநியூட்டன்), அதாவது 21.6. டெரஸ் இரு பக்கமும் சேர்த்து 3.3 மீட்டர் பட்டை என்று எடுத்தால், கூரை எடை சதுர மீட்டருக்கு 4.5, ஆள் நடமாட்டம் 1.5 என மீட்டருக்கு 20. பீம் எடையும் சேர்ந்து 43 கிலோநியூட்டன். உங்கள் டெரஸின் கனத்தை ஓரிடத்தில் திறந்து அளந்து, இந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். 3.6 மீட்டருக்குத் தேவையான ஐ 7,800. இரண்டு ஐஎஸ்எம்பி 250 பக்கம் பக்கமாகப் போட்டால் 10,260, தொய்வு 4.6 மி.மீ., எல்லை 6.

இரண்டு பீம் போடுவதற்குச் சுவரின் கனமும் ஒரு காரணம். 250 பீமின் மேல்பட்டை 125 மி.மீ.தான். ஒன்றரை அடிச் சுவர் அதில் நடுவே உட்காராமல் ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் பீம் முறுக்கிக்கொள்ளும். ஐ வடிவம் முறுக்குக்கு மிகவும் இளைத்தது. வெளி ஓரங்கள் 400 மி.மீ. அகலத்துக்கு வரும்படி இரண்டையும் வைத்து, மீட்டருக்கு ஒரு குழாய்த் துண்டும் போல்ட்டும் கொடுத்து இணைத்து, மேலே 10 மி.மீ. பிளேட் வையுங்கள். சுவருக்குள் போனபின் பெயின்ட் அடிக்க முடியாது. முன்பே எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட்.

முனைகளில் பக்கத்துக்கு 77 கிலோநியூட்டன், ஏறக்குறைய எட்டு டன், இறங்குகிறது. பழைய சுண்ணாம்புக் கட்டைச் சதுர மி.மீ.க்கு 0.4 நியூட்டனுக்கு மேல் நம்பவேண்டாம். அதற்கு 450-க்கு 450 கான்கிரீட் பெட் பிளாக் வேண்டும். பீம் சரியாக இருந்து பெட் பிளாக் சிறுத்துப்போனால் பீம் தொய்யாது, முனையோடு சேர்த்து அமுங்கும். சுவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலை முறை: திறப்புக்கு மேலே சுவரில் 900 மி.மீ.க்கு ஒரு துளை இட்டு, ஊசி பீம் (சுவரைத் தற்காலிகமாகத் தாங்கும் குட்டை பீம்) நுழைத்து, இரு புறமும் முட்டு. ஓர் ஊசிக்கு நான்கு டன் வரை வருகிறது. பக்கத்துக்கு ஒரு வாடகை ஜாக்கி என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு இரண்டாக வையுங்கள். முட்டுக்குக் கீழே தரை எப்படி என்பதையும் பாருங்கள்: ஆத்தங்குடிக் கல்லுக்கு அடியில் வெறும் மண் நிரப்புதான் இருக்கும். பலகை விரித்து எடையைப் பரப்பவேண்டும். டெரஸுக்கும் இரு அறைகளிலும் தனி முட்டு.

சுவரைத் திறந்து பீமை ஏற்றியபின், பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவே 30 முதல் 40 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அதில் 450 மி.மீ.க்கு ஒரு ஜோடி இரும்பு ஆப்பு, எதிரெதிராக. நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் மாறி மாறித் தட்டவேண்டும். பீமின் அடியில் ஒரு டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் அளவி), மேல் சுவரில் இன்னொன்று. கீழ்க் கேஜ் 4 மி.மீ. காட்டும்வரை தட்டுங்கள், ஆள் நடமாட்டம் நீங்கலான எடைக்கு இந்தப் பீம் தொய்யும் அளவு அது. அந்த நேரத்தில் ஊசி பீம்கள் தாமாகவே தளர்ந்து, கையால் தட்டினால் சத்தம் மாறும். எடை பீமுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 4 மி.மீ. வந்தும் ஊசிகள் இறுக்கமாகவே இருந்தால் எடைக் கணக்கில் பிழை. நிறுத்தி, கணக்கைப் பாருங்கள். மேல் கேஜ் அரை மி.மீ. மேலே போனாலும் உடனே நிறுத்தவேண்டும். சுவரையே தூக்குகிறீர்கள்.

பிறகு இடைவெளியில் ஒன்றுக்கு மூன்று கலவையை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரம் குறைத்து, கட்டை வைத்து இடித்து அடைக்கவேண்டும். சுருங்காத கிரவுட்டும் (இடைவெளியை நிரப்பும் நீர்த்த கலவை) ஊற்றலாம். ஏழு நாள் விட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். ஆப்புகள் உள்ளேயே இருக்கட்டும். இந்த வேலைக்குக் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் நிற்கவேண்டும். கையெழுத்து மட்டும் போதாது.

கேள்வி: கடை ஷட்டருக்கு மேல் 4 மீட்டர் பீம். அதன் மேல் சுவரில் விரிசல். பீம் தொய்ந்ததாலா, அஸ்திவாரம் இறங்கியதாலா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பாதிக்கு மேல் நீங்களே கண்டுபிடிக்கலாம். பீமின் அடிப்பட்டையில் இரு முனையிலும் ஒரே கனமுள்ள 25 மி.மீ. கட்டை ஒன்றை வைத்து, நைலான் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் பட்டைக்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து 25-இலிருந்து கழித்தால் தொய்வு. நரம்பு தானே தொய்ந்தால் இடைவெளி கூடி, பீமின் தொய்வு குறைவாகத் தெரியும். லேசர் கோடு இருந்தால் உத்தமம். டியூப் லெவலால் இரு முனைகளும் ஒரே மட்டமா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு முனை இறங்கியிருந்தால் பீமைக் குறை சொல்லவேண்டாம், தூணையும் அஸ்திவாரத்தையும் பாருங்கள்.

சரி, 10 மி.மீ. என்று வருகிறது. 4 மீட்டருக்கு எல்லை 6.7. பீம்தான் குற்றவாளியா? இன்னும் இல்லை. அந்தத் தொய்வு சுவர் கட்டும்போதே வந்ததா, பிறகு வந்ததா என்று தெரியவேண்டும். பீமுக்கு மேலே ஐந்தாறாவது செங்கல் வரிசையில் மூன்று இடங்களில் பூச்சைச் சுரண்டி, அந்தப் படுக்கைக் கோட்டுக்கு நரம்பு பிடியுங்கள். கோடு நேராக இருந்தால், பீம் தொய்ந்தபின் கொத்தனார் மட்டம் பிடித்துக் கட்டியிருக்கிறார். பழைய கதை, விட்டுவிடலாம். கோடும் பீமைப் போலவே வயிறு தொங்கினால், சுவர் இறுகிய பிறகு இறங்கியிருக்கிறது. விரிசலுக்குக் காரணம் அதுவே.

விரிசலின் வடிவமும் பேசும். நடுவில், அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப் போகக் குறுகினால் தொய்வு. படிக்கட்டாகச் சாய்ந்து ஏறி, மேலே அகலமாக இருந்தால் ஒரு பக்கம் இறங்குகிறது. பீமின் பட்டை ஓரமாகவே படுக்கையில் ஓடி, பூச்சு உப்பியிருந்தால் துரு. துரு தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், சுவரையே தூக்கிவிடும். மழை படும் முனைகளில் இதை முதலில் தேடுங்கள்.

விரிசலின் இரு கரையிலும் ஒரு ஆணிப் புள்ளி இட்டு, மாதம் ஒரு முறை வெர்னியரால் அளந்து தேதியோடு சுவரிலேயே எழுதுங்கள். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் கொஞ்சம் கூடிக் குறையும். ஒரு வருஷத்தில் திரும்பப் பழைய அளவுக்கு வந்தால் அடைத்துப் பூசலாம். ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் பீமுக்குக் கீழே இன்னொரு தூண் கொடுப்பதுதான் மலிவான வைத்தியம். நடுவில் தூண் வந்தால் நீளம் பாதி. நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே.

கேள்வி: சீமையிலிருந்து வந்த பழைய பீம், ஆங்கில எழுத்துப் புடைத்திருக்கிறது. 8 அங்குல உயரம், 4 அங்குல அகலம். அதன் மேல் புதிதாகத் தடுப்புச் சுவர் வைக்கலாமா?
– வாசகர், கொத்தமங்கலம்

பதில்: தொய்வுக் கணக்கு அப்படியே பொருந்தும். பழைய எஃகின் விறைப்பு இன்றைய எஃகின் விறைப்பேதான். பலம்தான் குறைவு: அக்காலத்தில் சதுர அங்குலத்துக்கு ஏழரை முதல் எட்டு டன், அதாவது 116 முதல் 124 நியூட்டன்/சதுர மி.மீ. வரைதான் கணக்கில் எடுத்தார்கள். அட்டவணை கிடைக்காவிட்டால் ஐ-யை நீங்களே போடலாம்: அகலம் × உயரத்தின் மும்மடி, அதிலிருந்து, நடுத்தகட்டின் கனம் நீங்கலான அகலம் × பட்டைகளுக்கு இடைப்பட்ட உயரத்தின் மும்மடியைக் கழித்து 12-ஆல் வகுக்கவேண்டும். பட்டை 10, நடுத்தகடு 7 மி.மீ. இருந்தால் 2,260 வரும், கிட்டத்தட்ட இன்றைய ஐஎஸ்எம்பி 200. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய கனத்தை அளந்து போடுங்கள். பட்டையில் 2 மி.மீ. போனாலே ஐ-யில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையலாம். அரிப்பை ஆராயும் செக்ரி ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்க, துருவைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவுசெய்வது எதற்கு?

அந்தப் பீம் ஏற்கெனவே டெரஸைத் தாங்கிக்கொண்டிருக்கும். புதுச் சுவருக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் சொற்பம். ஜிப்சம் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் தூக்கலாக இருக்கக்கூடும். சோதிக்காமல் வெல்டிங் வைக்கவேண்டாம், போல்ட் போடுங்கள்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் தண்டவாளம் கிடைக்கிறது. ஐ பீமைவிடக் கனமாக இருக்கிறதே, சுவருக்கு அதைப் போடலாமா?
– வாசகர், திருப்பத்தூர் சாலை, காரைக்குடி

பதில்: கனம் இருக்கிறது, உயரம் இல்லை. 52 கிலோ தண்டவாளம் மீட்டருக்கு 52 கிலோ, உயரம் 156 மி.மீ., ஐ ஏறக்குறைய 2,150. இதில் பாதி எடைகூட இல்லாத ஐஎஸ்எம்பி 200-க்கு 2,235. கிலோ கணக்கில் விற்கும் பொருளில் தொய்வுக்கு இதைவிட நஷ்டமான பேரம் கிடையாது. சக்கரம் தேய்த்த தலைப்பக்கம் இன்னும் இளைத்திருக்கும். கார்பன் அதிகம் என்பதால் சாதாரண வெல்டிங்கில் ஒட்டிய இடத்தை ஒட்டியே வெடிக்கும். 4 அடி ஜன்னலுக்கு மேலே போட்டுக்கொள்ளலாம், ஹாலுக்கு வேண்டாம்.